ஒரே ஒரு காராகப் பொடி (காரின் வெளிக்கூடு) கட்டும் வேலை: மலைநாட்டில் தனியாகத் தொடங்க எதிலிருந்து ஆரம்பிப்பது?

கொட்டாப்புளி (ஹட்டன்) கேட்டது:

டிங்கர் வேலையில் (வண்டித் தகடு தட்டி நிமிர்த்துவது) என்.வி.கியூ. 4, அதாவது தேசிய தொழில் தகைமை நான்காம் மட்டச் சான்றிதழ் இருக்கிறது. கேஸ் வெல்டிங்கும் மிக் வெல்டிங்கும் (கம்பி தானாக ஓடிவரும் மின் வெல்டிங்) பழக்கம். விபத்து வண்டி நிமிர்த்துவதோடு நிற்காமல், வாங்குபவர் கேட்கும் வடிவத்தில் ஒரே ஒரு காராகப் பொடி கட்டிக் கொடுக்கும் பட்டறையாக மாற்ற யோசனை. கூடவே தோட்டத்துப் பிள்ளைகள் நான்கு பேரைச் சேர்த்துத் தொழில் பழக்கவும் எண்ணம். 20க்கு 30 அடி ஷெட், ஒரு கம்பிரசர், கேஸ் செட், கைக்கருவிகள். இவ்வளவுதான் கையிருப்பு.

நான்கு கேள்விகள். மொரிஸ் மைனர் ஒன்று நல்ல விலைக்கு வருகிறது, அதன் பொடியைக் கழற்றிவிட்டுப் புதிதாகக் கட்டலாமா? இங்கிலீஷ் வீல் (இரண்டு சில்லுக்கு நடுவில் தகட்டை ஓட்டி வளைவெடுக்கும் கருவி) இல்லாமல் தொடங்க முடியுமா? அலுமினியமா, இரும்புத் தகடா? பிள்ளைகளுக்கு முதலில் எதைக் கொடுப்பது?

---

செசிநம்பர் (பதுளை):

மொரிஸ் மைனரைத் தொடாதீர்கள். அதற்குத் தனிச் செசி (அடிச்சட்டம்) கிடையாது. தரை, சில் (கதவுக்கு அடியில் ஓடும் பெட்டி), கூரை எல்லாம் சேர்ந்துதான் பாரம் தாங்குகிறது. பொடியைக் கழற்றினால் கையில் மிஞ்சுவது எஞ்சினும் அக்சிலும்தான். மைனரை மைனராகவே சீர்செய்து கொடுங்கள், அதற்கு ஆள் இருக்கிறது.

புதுப் பொடி ஏற்ற வேண்டுமானால் செசி தனியாக நிற்கும் வண்டி வேண்டும். இலங்கையில் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பவை ட்ரையம்ப் ஹெரல்ட், வொக்ஸ்வேகன் பீட்டில், பழைய லேண்ட் ரோவர், ஜீப் வகைகள். தாழ்ந்த இரு இருக்கைக் கார் என்றால் முதல் இரண்டும்தான் பொருந்தும்.

ஹெரல்டின் வீல்பேஸ் (முன் அக்சிலுக்கும் பின் அக்சிலுக்கும் இடைத்தூரம்) 2324 மி.மீ. திரும்பும் வட்டம் 25 அடிதான், ரம்பொடை வளைவுகளில் அதன் அருமை தெரியும். ஆனால் செசியிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள் உள்ளிருந்து துருவேறியிருக்கும். சுத்தியலால் தட்டிப் பாருங்கள், மணிபோலக் கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் வெட்டி மாற்றாமல் மேலே எதையும் கட்டாதீர்கள். இன்னொன்று, ஹெரல்ட் செசி பாரத்தில் வளையும். வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போது கதவு இடைவெளி சரிபார்த்தால் தரையிறக்கியதும் கதவு உராயும். நான்கு சில்லும் தரையில், எஞ்சின் உள்ளே, இருக்கையில் ஆள் எடைக்கு மணல் மூட்டை. அப்படி வைத்துத்தான் கதவைப் பொருத்த வேண்டும்.

பீட்டிலின் வீல்பேஸ் 2400 மி.மீ. அதன் தரைத்தட்டைப் பார்த்தால் செசி மாதிரிதான் இருக்கும், ஆனால் தனியாக நிறுத்தினால் முறுகும். இரு ஓரமும் ஓடும் சூடான காற்றுக் குழாய்ப் பெட்டிகள் பொடியைச் சேர்ந்தவை. பொடி போனால் அவையும் போய்விடும், விறைப்பும் போய்விடும். இருபக்கமும் 50க்கு 50, 2 மி.மீ. பொக்ஸ் பார் (சதுர இரும்புக் குழாய்) வைத்து, பழைய போல்ட் துளைகளிலேயே இறுக்குங்கள். தரையோடு நேராக வெல்ட் பண்ணினால் அந்த விளிம்பிலேயே துரு உட்காரும்.

இரண்டிலுமே பின்சில்லு ஸ்விங் அக்சில், அதாவது சில்லு ஏறி இறங்கும்போது அக்சிலோடு சேர்ந்து சாயும். வளைவில் சடாரென்று அக்சிலேட்டரை விட்டால் பின்சில்லு உள்ளே மடங்கும். பொடி எடையைப் பின்னாலும் உயரத்திலும் ஏற்றாதீர்கள்.

பதிவு விஷயம்: செசி நம்பர் அடித்த இடத்தை வெட்டவோ வெல்டால் மூடவோ கூடாது. மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்திடம் பொடி மாற்றத்துக்கான அனுமதியை வேலைக்கு முன்னால் எழுத்தில் வாங்கிவிட்டுத்தான் தகடு வெட்ட வேண்டும். நிறம் மாறினால்கூடப் பதிவில் ஏற வேண்டும். முடித்துவிட்டு அனுமதி தேடி அலைவது, கலியாணம் முடித்துவிட்டுப் பெண் பார்க்கப் போவது போல.

---

ஒட்டுப்பலகை (பண்டாரவளை):

வீல், தகடு எல்லாம் பிறகு. நீங்கள் கேட்காமல் விட்டதுதான் பெரிய விஷயம்: வடிவத்தை எப்படி முடிவு பண்ணப் போகிறீர்கள்? கடதாசியில் அழகாக இருக்கும் கார் தகட்டில் அசிங்கமாக வந்து நிற்பதற்குக் கை காரணமில்லை, இடையில் இரண்டு படிகளை விட்டுவிடுவதுதான்.

முதலில் மாறாத புள்ளிகளை அளந்து எழுதுங்கள். அக்சில் மையங்கள், எஞ்சினின் உச்சி, ரேடியேட்டர், ஸ்டீரிங் கம்பி, ஓட்டுபவரின் குதிகால், இடுப்பு, கண் உயரம். முன்சில்லுக்கு ஸ்பிரிங்கைக் கழற்றி, ஜக்கால் முட்டும்வரை உயர்த்தி, இடமும் வலமும் முழுதாகத் திருப்பி, டயர் தொடும் இடமெல்லாம் அட்டை வெட்டி வையுங்கள். அதற்கு வெளியே 40 மி.மீ. விடாமல் மட்கார்ட் வரையாதீர்கள். இங்கே குழியில் விழுந்துகொண்டே திரும்ப வேண்டிய ரோடுதான் அதிகம்.

மலைக்கு இன்னும் இரண்டு. ஒன்று, முன்கண்ணாடியின் பக்கத்தூண். கண்டி மகியங்கனை ரோட்டின் 18 வளைவு போன்ற இடங்களில் எதிரே வரும் பஸ்ஸை மறைக்கப் பருத்த தூண் ஒன்றே போதும். நாற்காலியில் உட்கார்ந்து அட்டைத் தூணை முன்னால் நிறுத்திப் பாருங்கள். இரண்டாவது, ரேடியேட்டர் காற்று. இரண்டாம் கியரில் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும்போது காற்று தானாக உள்ளே வராது, ஃபேன்தான் இழுக்க வேண்டும். நுவரெலியா உயரத்தில், அதாவது 1868 மீட்டரில், திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 94 பாகையிலேயே கொதிக்கும். ரேடியேட்டர் மூடியின் அழுத்தம் குறைந்திருந்தால் கீழே ஓடிய வண்டி மேலே பொங்கும். அழகுக்காக வாயை ஒடுக்குபவர்கள் காற்று வெளியேறும் வழியையும் மறந்துவிடுகிறார்கள். வெளிவழி உள்வழியைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்.

அப்புறம் 1க்கு 5 அளவில் மாதிரி. பீட்டில் என்றால் அக்சிலுக்கு அக்சில் 480 மி.மீ. குயவர் களிமண் வேண்டாம், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். எண்ணெய்க் களிமண் பாவியுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் செய்து நடுக்கோட்டில் கண்ணாடி நிறுத்தினால் முழுக்காரும் தெரியும். வாங்குபவர் கையெழுத்துப் போட வேண்டியது இந்த மாதிரிக்கு, படத்துக்கு அல்ல. முதல் பணமும் இங்கேதான்.

மாதிரி முடிந்ததும் சுவரில் வெள்ளைக் கடதாசி ஒட்டி, கறுப்பு டேப்பால் முழு அளவில் பக்கத் தோற்றம். டேப்பை நீளமாக இழுத்து ஒட்டினால் கோடு தானாக ஒழுகும். குட்டிக் குட்டியாக ஒட்டினால் கோட்டில் முட்டி தெரியும். பத்தடி தள்ளிக் குந்தி உட்கார்ந்து பாருங்கள். மாதிரியில் தெரியாத கனமான இடுப்பு இங்கே தெரிந்துவிடும்.

பிறகுதான் மர அச்சு, அடித்த தகட்டை வைத்து வடிவம் சரிபார்க்கும் கூடு. 18 மி.மீ. ப்ளைவுட், 150 மி.மீ.க்கு ஒரு குறுக்குப் பலகை, வளைவு வேகமாகத் திரும்பும் மூக்கிலும் மட்கார்ட் முனையிலும் 75. 3.8 மீட்டர் காருக்கு 25 பலகைக்கு மேல் வரும். பாதிக் காருக்கு மட்டும் அச்சு செய்தால் 8க்கு 4 ஷீட் ஆறு ஏழில் அடங்கும். ஆனால் பொனட்டுக்கும் மூக்குக்கும் முழு அச்சு வேண்டும், பாதி அச்சில் செய்த மூக்கு நடுவில் சேரும்போது கோணும். ஒவ்வொரு பலகையிலும் தகட்டின் கனத்தைக் கழித்து வெட்ட மறக்காதீர்கள். வெட்டிய விளிம்புக்கு இரண்டு தடவை வார்னிஷ். இங்கத்தைய ஈரத்தில் விளிம்பு ஊறி 1 மி.மீ. தடித்தால் தகடு அச்சில் உட்காராது, நீங்கள் தகட்டைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

---

வெள்ளித்தகடு (கண்டி):

இங்கிலீஷ் வீல் கேள்விக்கு வருகிறேன். இல்லாமல் தொடங்கலாம். பலா மரக் குற்றி ஒன்றில் 150 மி.மீ. அகலம், 25 மி.மீ. ஆழத்தில் குழி செதுக்குங்கள். தோல் பையில் காய்ந்த மணலை முக்கால்வாசி நிரப்புங்கள். முழுதாக நிரப்பினால் கல்லாகிவிடும், ஈர மணல் என்றால் தகட்டில் கறை ஏறும். முட்டை வடிவக் கொட்டாப்புளி ஒன்று, தட்டை முகச் சுத்தியல் இரண்டு, டொலி (தட்டும்போது தகட்டின் பின்னால் பிடிக்கும் இரும்புக் கட்டி) நான்கைந்து. ஒரு மட்கார்டுக்கு இவ்வளவு போதும். வீல் வேலையை வேகப்படுத்தும், மேற்பரப்பைச் சீராக்கும். வடிவத்தை அது கண்டுபிடித்துத் தராது.

வடிவத்தைச் சொல்வது கடதாசி. அச்சின்மேல் பழுப்புக் கடதாசியைப் போர்த்தி ஊசி குத்துங்கள். கடதாசி எங்கே மடிப்பு விழுகிறதோ அங்கே தகடு சுருங்க வேண்டும். எங்கே கிழித்தால்தான் உட்காருமோ அங்கே தகடு நீள வேண்டும். ஒவ்வொரு மடிப்பையும் கிழிசலையும் மார்க்கரால் குறித்து, அதே கடதாசியைத் தகட்டில் விரித்து வெட்டுங்கள், சுற்றிவர 15 மி.மீ. கூட விட்டு. மடிப்பு கைக்கு அடங்காத அளவுக்கு வந்தால் அந்தத் துண்டு பெரிது, இரண்டாகப் பிரிக்க வேண்டும். சேரும் கோடு விளிம்பிலோ உட்குழிவிலோ வரக்கூடாது, பின்னால் டொலி போகும் இடத்தில் வர வேண்டும்.

வீல் வாங்குவதானால் சட்டத்தைப் பாருங்கள். கையால் இழுத்தால் வாய் விரியும் சட்டம் குப்பை. மேல் சில்லு தட்டை, கீழ்ச் சில்லுகளுக்கு வெவ்வேறு வளைவு. எல்லாரும் செய்யும் பிழை அழுத்தம் கூட்டுவது. தகட்டில் தண்டவாளம் மாதிரிக் கோடு விழுந்தால் அழுத்தம் கூடிவிட்டது என்று அர்த்தம். தடத்துக்குத் தடம் 5 முதல் 10 மி.மீ. தள்ளி, மெதுவாக. தகட்டையும் சில்லையும் துணியால் துடைக்காமல் ஓட்டினால் ஒரு மணல்பரல் நூறு புள்ளி போடும்.

தகடு: முதல் காருக்கு 0.9 மி.மீ. இரும்பு. சதுர மீட்டருக்கு ஏழு கிலோ. 1.2 மி.மீ. அலுமினியம் மூன்றேகால் கிலோதான், கைக்கும் இதமாக இருக்கும், ஆனால் வெல்டிங் வேறு உலகம். உங்களிடம் அதற்கேற்ற டிக் வெல்டிங் மெஷின் இல்லை. அலுமினியத்தைக் கேஸால் ஒட்டலாம், ஃபிளக்ஸ் (வெல்ட் பிடிக்கப் பூசும் மருந்து) வேண்டும், முடிந்ததும் வெந்நீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். கழுவாமல் விட்ட ஃபிளக்ஸ் பெயின்டுக்கு அடியிலிருந்து புழுப்போல் கிளம்பும்.

கடினமாகிப்போன அலுமினியத்தை இளக்க: அசெடிலின் மட்டும் எரியும் புகைச் சுடரால் தகட்டில் கரி படியவிடுங்கள். பிறகு ஒட்சிசன் சேர்த்த மென்சுடரைத் தூரத்தில் ஆட்டி அந்தக் கரி மறையும்வரை சூடாக்குங்கள். மறைந்ததும் நிறுத்துங்கள். அலுமினியம் சிவக்காது. நிறம் மாறுமென்று காத்திருந்தால் 660 பாகையில் தகடு சத்தமில்லாமல் விழுந்து ஓட்டையாகும்.

இரும்பில் உங்கள் மிக் வெல்டைப் பொனட்டுக்கும் மட்கார்டுக்கும் பாவிக்க வேண்டாம். அந்த வெல்ட் தடம் கடினம், தட்டி நிமிர்த்தினால் பக்கத்தில் வெடிக்கும். கேஸ் வெல்டே நல்லது, சூடு பரவினாலும் வெல்ட் மென்மை. இடைவெளியே இல்லாமல் முனையோடு முனை சேர்த்து, 25 மி.மீ.க்கு ஒரு டாக் (புள்ளி வெல்ட்). ஒவ்வொரு டாக்கையும் டொலிமேல் தட்டிவிட்டுத்தான் அடுத்தது. வெல்ட் ஆறும்போது சுருங்கித் தகட்டை இழுக்கும், தட்டல் அதை நீட்டித் திருப்பித் தருகிறது. முழுக்கோட்டையும் ஓட்டிவிட்டு அப்புறம் தட்டுவோம் என்று விட்டால் வாழையிலை காய்ந்தது போல அலை விழும்.

இடமும் வலமும் ஒரே நேரத்தில் செய்யுங்கள். இடது மட்கார்டை முடித்துவிட்டு வலது தொடங்கினால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், இரட்டைப் பிள்ளை மாதிரி இராது.

---

செசிநம்பர் (பதுளை):

வெள்ளித்தகடு அண்ணா சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். அலுமினியத்தை இரும்புச் சட்டத்தில் நேராகத் தொட விடாதீர்கள். இத்தாலியில் கரொசேரியா டூரிங் 1930களில் சுப்பர்லெஜேரா முறையைக் கொண்டுவந்தது, மெல்லிய இரும்புக் குழாய்க் கூட்டின்மேல் அலுமினியத் தோல். எடை குறைந்தது, ஆனால் இரண்டு உலோகமும் தொடும் இடத்தில் ஈரம் பட்டால் அலுமினியம் வெள்ளைத் தூளாக உதிரும். தோட்டங்களில் நிற்கும் பழைய லேண்ட் ரோவரின் கதவடியைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், பாடம் அங்கேயே இருக்கிறது. குழாய்க்கு எபொக்சி பிரைமர், நடுவில் ரப்பர் டேப், விளிம்பில் மட்டும் மடிப்பு.

மரச்சட்டம் போட நினைத்தால் இங்கிலாந்தில் அதற்கு ஆஷ் மரம். மோர்கன் கார்களில் இன்னும் அதுதான். இங்கே ஹல்மில்ல பாருங்கள், நீட்டுநார், வளைந்து கொடுக்கும். மாட்டுவண்டிக்கு அதைத் தேடி எடுத்தவர்கள் சும்மா எடுக்கவில்லை. தேயிலைக்கு நிழலாக நிற்கும் சவுக்கு (சில்வர் ஓக்) வேண்டாம், அச்சுக்கு உதவும், சட்டத்துக்கு உதவாது.

---

கொட்டாப்புளி (ஹட்டன்):

எல்லாருக்கும் நன்றி. மைனர் யோசனையைக் கைவிட்டாயிற்று, பீட்டில் தரை தேடுகிறேன். பெயின்ட் பற்றி ஒன்று. ஹட்டனில் மாலை மூன்று மணிக்குப் பிறகு அடித்தால் லெக்கர் பால் ஊற்றியது போல வெளுக்கிறது. மண்ணெண்ணெய் ஹீட்டர் வைத்தும் சரிவரவில்லை. தின்னர் தரமில்லையா?

---

மூடுபனி (நுவரெலியா):

தின்னர் இல்லை, ஹீட்டர்தான் குற்றவாளி. மண்ணெண்ணெயோ கேஸோ எரிந்தால் நீராவியும் வரும். மூடிய ஷெட்டுக்குள் நீங்களே ஈரத்தைக் கூட்டுகிறீர்கள். தின்னர் வேகமாக ஆவியாகும்போது தகடு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படிகிறது. அதுதான் அந்தப் பால்நிறம்.

காற்றின் பனிப்புள்ளியைவிட, அதாவது ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலையைவிட, தகடு குறைந்தது 3 பாகை சூடாக இருக்க வேண்டும். ஈரமானியும் தகட்டு வெப்பமானியும் இருந்தால் பிள்ளைகளே அளந்து சொல்வார்கள். தகட்டைப் பின்பக்கமிருந்து ஹலஜன் விளக்கால் சூடாக்குங்கள். காலை பத்து முதல் ஒரு மணி வரை அடியுங்கள். மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னர் உதவும், ஆனால் அதிகம் சேர்த்தால் ஒரு கிழமைக்கும் நகம் பதியும்.

வெறும் தகட்டை இரவில் விடாதீர்கள். மணல்தாள் போட்ட இரும்பில் காலையில் செம்பழுப்பு பூத்திருக்கும். எபொக்சி பிரைமர் அன்றைக்கே. பள்ளம் நிரப்பும் ஃபில்லர் பேஸ்ட் 2 மி.மீ.க்கு மேல் வேண்டாம், தண்ணீர் ஊற்றித் தேய்க்கவும் வேண்டாம். அது ஈரத்தைக் குடித்து, மேலே பெயின்ட் மூடியபின் கொப்புளமாகக் கக்கும்.

கம்பிரசர் குழாயைச் சற்றுச் சரிவாக ஓட்டி, கிளைக்குழாயை மேல்பக்கமிருந்து எடுங்கள். தண்ணீர் நேரே ஓடி முனையில் தேங்கும், துப்பாக்கிக்கு வராது. டூ கே பெயின்டில் (ஹார்ட்னர் கலந்து அடிப்பது) ஐசோசயனேட் என்ற நச்சுப்பொருள் உண்டு. துணி முகமூடி போதாது, வெளிக்காற்று ஊட்டும் முகமூடி வேண்டும். அது வாங்கும்வரை டூ கே அடிக்காதீர்கள்.

மேற்பரப்புப் பார்க்க: எங்கள் மூடுபனி வெளிச்சத்தில் எல்லாத் தகடும் அழகுதான், மேடுபள்ளம் தெரியாது. வெள்ளைப் பலகையில் 50 மி.மீ.க்கு ஒரு கறுப்புப் பட்டை வரைந்து, தகட்டில் தண்ணீர் தடவி, பட்டைகளின் பிரதிபலிப்பைப் பாருங்கள். பட்டை ஓடையாக வளைந்தால் சரி. ஓரிடத்தில் மூக்கு நீட்டினால் அங்கே மேடு.

---

ஒட்டுப்பலகை (பண்டாரவளை):

பிள்ளைகள் கேள்வியை யாரும் தொடவில்லை. நான்கு பேர் சரியான கணக்கு, அதற்குமேல் ஒரு குற்றியில் ஒருவன் தட்ட மற்றவன் வேடிக்கை பார்ப்பான்.

முதல் இரண்டு கிழமை வெட்டுதல், அரம் போடுதல், விளிம்பு மடித்தல். மடித்த விளிம்பை விரலால் ஓட்டிப் பார்த்துப் பிழை சொல்லச் சொல்லுங்கள், கண்ணைக் கட்டிவிட்டு. இந்தத் தொழிலில் கண்ணுக்கு முன்னால் விரல் தேறும்.

அடுத்தது சட்டி. 250 மி.மீ. வட்ட அலுமினியம், 1.2 மி.மீ. கனம், 50 மி.மீ. ஆழம். நடுவில் மட்டும் தட்டினால் நடு மெலிந்து கிழியும். ஓரத்தில் மடிப்பெடுத்து, அந்த மடிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்துச் சுருக்க வேண்டும். பிழையாக அடித்தால் மடிப்பு ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் பூட்டிக்கொள்ளும், அந்தத் தகடு குப்பைக்கு. எல்லாப் பிள்ளையும் முதல் நாள் இதைச் செய்யும். தடுக்க வேண்டாம். பூட்டிய மடிப்பை வெட்டி உள்ளே காட்டுங்கள்.

மூன்றாவது, 300 மி.மீ. நீளத் தகடுகள் இரண்டு, கேஸ் வெல்ட், தட்டி நேராக்குதல். அளவுகோலை நிறுத்தி வெளிச்சம் பார்க்க வேண்டும். நான்காவது, மோட்டார் சைக்கிள் மட்கார்ட். அதற்குப் பிறகே காரின் துண்டு. ஃபில்லர் பேஸ்டை மூன்று மாதம் பூட்டி வையுங்கள். முதலிலேயே கொடுத்தால் சுத்தியல் கையில் நிற்காது.

பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களை வெல்டிங்கிலும் பெயின்டிலும் விடக்கூடாது. ஆபத்தான தொழிலுக்குச் சட்டம் இடம் கொடுக்காது. அவர்களுக்கு மாதிரி, டேப் வரைதல், கடதாசி, அச்சு எல்லாம் தாராளமாக இருக்கிறது.

சான்றிதழுக்கு, தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையிடம் பயிலுநர் ஒப்பந்தம் பற்றிக் கேளுங்கள். ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களுக்கு முன்கற்றலை மதிப்பிட்டு என்.வி.கியூ. பெறும் வழியும் உண்டு. இரண்டுக்கும் வேலைப் பதிவேடு பலம்: திகதி, துண்டு, தகட்டுக் கனம், செய்த பிழை, படம். கருவிப் பெயர்களை மூன்று மொழியிலும் எழுத வையுங்கள், கொழும்புக் கராஜில் "அதை எடு" என்றால் எதை என்று முழிக்கக்கூடாது.

காசு விஷயத்தில், முழுக்கார் ஓடர் அரிதாகத்தான் வரும். மாதச் செலவை ஓட்டுவது கிடைக்காத துண்டுகளைக் கையால் அடித்துக் கொடுப்பதுதான்: ஹெரல்ட் மட்கார்டின் கீழ்ப்பாதி, மைனர் சில், பீட்டில் பற்றரித் தட்டு. பிள்ளைகளின் கைக்கும் அதுவே பழக்கம். முழுக்கார் எடுத்தால் மாதிரி, அச்சு, தகடு, பிரைமர் என்று நான்கு தவணை. அச்சு வெட்டிய பிறகு வடிவம் மாற்றினால் தனிக் கணக்கு என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

---

கொட்டாப்புளி (ஹட்டன்):

சரி அண்ணா. பீட்டில் தரை கிடைக்கும்வரை அச்சுப் பழக எந்தத் துண்டு நல்லது?

---

வெள்ளித்தகடு (கண்டி):

பீட்டிலின் முன் மட்கார்டையே எடுங்கள். நல்ல மட்கார்ட் ஒன்றை இரவல் வாங்கி, 75 மி.மீ.க்கு ஒரு அட்டை வெட்டி வளைவைப் பிரதியெடுத்து அச்சு செய்யுங்கள். நான்கு துண்டாகப் பிரியுங்கள்: உச்சி, முன், பின், லைட் சுற்று. லைட் சுற்றைக் கடைசியாக வெட்டுங்கள். முதலில் வெட்டினால் விளிம்பு தளர்ந்து வட்டம் முட்டையாகும். பொடியோடு போல்ட் ஏறும் விளிம்பை 5 மி.மீ. கூட்டியே வைத்து, வண்டியில் மாட்டிப் பார்த்த பிறகு அரம் போடுங்கள்.